புது வண்டியை ஷோரூமில் விடுவதா, வீட்டிலேயே பார்ப்பதா?



போன மாதம் என் அண்ணன் மகன் புது பைக் வாங்கினான். 125 சிசி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்ட மறுநாளே சண்டை ஆரம்பம். "ஷோரூமில் ஏமாற்றுவார்கள், யூடியூப் பார்த்து வீட்டிலேயே ஆயில் மாற்றிவிடு" என்று ஒரு கட்சி. "வாரண்டி போய்விடும்" என்று இன்னொரு கட்சி. கடைசியில் "சித்தப்பா சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓய்வு பெற்றாலும் அறிவியல் வாத்தியாரை யாரும் விடுவதாக இல்லை!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவச சர்வீஸ் கூப்பனும் வாரண்டியும் இருக்கும்வரை ஷோரூம்தான். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளக் கூடாது.

நானும் வீட்டில் வேலை பார்த்தவன்தான். 1990-களில் என்னிடம் இருந்தது டூ ஸ்ட்ரோக் வண்டி. ஞாயிறு காலையில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பேன், கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவுவேன். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சாரில் கோளாறு என்றால் கருவியைச் செருகித்தான் பார்க்க வேண்டும். உப்புத்தாளுக்கு அங்கே வேலையில்லை.

ஆயில் மாற்றுவது பெரிய வித்தை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உராய்ந்து பழகும்போது நுண்ணிய உலோகத் துகள் உதிர்ந்து ஆயிலோடு சுற்றும். அதனால்தான் முதல் ஆயிலை 500 முதல் 1000 கி.மீ-க்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் ஆயில் இறக்கும் போல்ட் அலுமினியத்தில் முறுக்கியிருக்கிறது. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடவும் கூடாது. பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்துதான் ஓடுகிறது, வழுக்க ஆரம்பித்துவிடும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்க வேண்டும்.

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் இதையெல்லாம் சரியாகவே செய்தான். கூப்பன் புத்தகத்தில் மட்டும் சீல் இல்லை. ஒரே வருடத்தில் சிலிண்டர் ஹெட் பக்கம் ஆயில் கசிந்தது. வாரண்டி கேட்டுப் போனால், "இரண்டாவது சர்வீஸ் எங்கே?" என்றார்கள். ஆயில் வாங்கிய பில்லைக்கூட அவன் வைத்திருக்கவில்லை. கைக்காசு போட்டுத்தான் சரிசெய்தான். அந்த நிபந்தனை புத்தகத்தில் அச்சடித்தே இருந்தது. வண்டி வாங்கும் நாளில் நாம் பூஜை போட மறப்பதில்லை, அந்தப் பக்கத்தைத்தான் படிப்பதில்லை.

ஷோரூம்காரர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. என் வண்டிக்கு ஒருமுறை 'செயின் லூப்' என்று பில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து விரலால் தொட்டால் வறண்ட தூசி! திரும்பப் போய்க் காட்டினேன், பேசாமல் அடித்துக் கொடுத்தார்கள். 'இலவச சர்வீஸ்' என்றால் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு. அதோடு டெஃப்லான் கோட்டிங், இன்ஜின் ஃப்ளஷ் என்று சேர்த்துவிடுவார்கள். நாற்பது நாள் ஓடிய வண்டிக்கு ஃப்ளஷ் எதற்கு? ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகப் படித்து, வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் டை கட்டிய பையன் ஆங்கிலத்தில் சொன்னால் நமக்கு 'வேண்டாம்' என்று சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது.

இதை எழுத எனக்கு ஒரு தயக்கமும் இருந்தது. மார்க்கெட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என் மாணவன். கணக்கில் இரண்டு முறை தவறியவன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவன் வயிற்றில் அடிக்கிறேனோ என்று அவனிடமே கேட்டேன். "கூப்பன் முடியறவரைக்கும் அங்கேயே விடுங்க சார். நான் கை வச்சேன்னு அவங்க சாக்கு சொல்லிடக் கூடாது. வாரண்டி முடிஞ்சதும் எங்கிட்ட கொண்டாங்க" என்றான். நஷ்டம் அவனுக்கு, ஆனாலும் அப்படித்தான் சொன்னான். வாரண்டி முடிந்த மறுநாள் அந்த வண்டி அவனிடம்தான் போகும்.

வீட்டில் எதையும் தொடாதே என்று அர்த்தமில்லை. சுமார் 500 கி.மீ-க்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் அடியுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். டயர் சூடாகும் முன் காற்றுப் பாருங்கள். ஆயில் அளவு பாருங்கள். பின்னாளில் வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கிணற்றடியில் ஊற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும், சொந்தக்காரர் என்பதால் பெயர் சொல்லவில்லை.

வரும் சனிக்கிழமை அண்ணன் மகன் வண்டிக்கு முதல் சர்வீஸ். நானும் கூடப் போகிறேன். வேலை நடக்கும் இடம் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்கள், நான் எழுதியதில் தவறு இருந்தால் கீழே திருத்துங்கள். மார்க் குறைக்க மாட்டேன்.