எடப்பாடிக்கும் வரட்டும் திரைவிழா!

1952 சனவரியில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் உலகத் திரைப்பட விழா அங்கேயே முடங்கவில்லை; சென்னை, டில்லி, கல்கத்தா என ஊர் ஊராகச் சென்றது. அதில் காட்டப்பட்டது டிசிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்'. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகுக்கடையில் கொடுத்து மீட்ட சைக்கிள், வேலைக்குப் போன முதல் நாளே களவுபோகிறது! எடப்பாடி விசைத்தறித் தோழனுக்கு இந்த வேதனையை விளக்க உரையாசிரியர் வேண்டுமா?

சென்னையில் டிசம்பரில் நடக்கும் உலகத் திரைப்பட விழாவுக்குச் சீட்டு வாங்கிப் போனோம், வரிசையில் நின்றோம், கண்டு மகிழ்ந்தோம். ஆனால், தறி நின்றால் கூலியும் நின்றுபோகும் தோழன் எப்படி வருவான்? உழைப்பவன் கலையைத் தேடி ஓடுவதா? கலையல்லவா அவனைத் தேடி வரவேண்டும்! அன்று கல்கத்தாவரை போன விழாவுக்கு இன்று எடப்பாடி எட்டாத தொலைவா? அரசு ஆவன செய்யட்டும்!