பத்து நாட்களின் கணக்கு

 

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. ஓத வந்த பிள்ளைகளை அனுப்பிவிட்டு மத்ரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சலாம் கூறியபடி வந்து அருகில் அமர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை ஆய்வாளராக இருப்பவர். இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார்.

நாங்கள் நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது தெருவழியே சென்ற பெரியவர் ஒருவர் நின்று, "என்ன தம்பி, இன்னும் படிப்பு முடியவில்லையா?" என்று கேட்டார். மாணவர் சிரித்துத் தலையசைத்தார். பெரியவர் சென்றதும் அந்தச் சிரிப்பு மறைந்துவிட்டது.

"படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, ஹஜ்ரத். நான் இப்போது செய்வது வேலை. அது வேலைதான் என்று என் வீட்டாருக்கே இன்னும் விளங்கவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், ஒவ்வொரு விடுப்பின்போதும் நான் அவரிடம் கேட்ட கேள்வியும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. "வேலை நிரந்தரமாகிவிட்டதா?" என்பதே அது. பெண் பார்க்கும் வீட்டாரும் இதையேதான் கேட்டார்களாம். அவரிடம் பதில் இல்லை. ஏழு மாதத்தில் முடிவடையும் ஓர் ஒப்பந்தம்தான் இருந்தது.

அன்று அவர் கூறியவற்றையும், அதன்பின் நான் படித்தறிந்தவற்றையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பலர் இன்று ஆய்வுத் துறைக்குச் செல்கிறார்கள். அவர்கள் செல்லும் வழியைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியமல்லவா?

படிப்பா? வேலையா?

முனைவர் பட்டம் பெற்றவர் நேராகப் பேராசிரியர் ஆகிவிடுவதில்லை. இடையில் ஒரு நீண்ட பாலம் இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஏதேனும் ஓர் ஆய்வுத் திட்டத்திற்கு நிதி பெறுகிறார். அந்த நிதி இருக்கும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் ஓர் ஆய்வாளரை நியமிக்கிறார். நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. பிறகு வேறு திட்டம், வேறு ஊர், சில வேளை வேறு நாடு. பிரிட்டனில் ஆய்வுப் பணியை மட்டுமே செய்யும் பல்கலைக்கழக ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவர்களே.

பாலத்தின் மறுகரையில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? இலண்டன் ராயல் சொசைட்டி 2010ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று இதைக் கணக்கிட்டுக் காட்டியது. பிரிட்டனில் அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவோர் நூறு பேர் என்றால், பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணியை அடைவோர் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு பேர் மட்டுமே. பேராசிரியர் ஆவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.45 விழுக்காடுதான்!

இதன் பொருள் என்ன? மற்றவர்கள் தோற்றுவிட்டார்கள் என்பதா? இல்லை. தொழிற்சாலை, மருத்துவமனை, அரசுத் துறை, பள்ளிக்கூடம், பதிப்பகம் என்று பல துறைகளில் அவர்கள் நல்ல பணி செய்கிறார்கள். ஆனால் அந்தக் கதவுகள் இருப்பதையே ஆய்வுக்கூடத்தில் எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே கதவை நூறு பேர் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

உள்ளத்தின் சுமை

இந்த நிலை உள்ளத்தை அரிக்காமல் இருக்குமா? பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. அவர்களில் 32 விழுக்காட்டினர் மனச்சோர்வு போன்ற மனநலக் கோளாற்றுக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தனர். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட கருத்தாய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பங்கேற்றனர். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருத்துவர் போன்ற வல்லுநரின் உதவியை நாடியதாக அவர்களில் 34 விழுக்காட்டினர் தெரிவித்தனர். கடும் போட்டி, அன்பற்ற சூழலை உருவாக்கிவிட்டது என்று 78 விழுக்காட்டினர் கூறினர்.

பெல்ஜிய ஆய்வில் என் கவனத்தை ஈர்த்தது எண்ணிக்கை மட்டுமன்று; காரணங்களும்தான். பணிச்சுமை, தம் வேலையைத் தாமே தீர்மானிக்க இயலாமை, நெறியாளர் நடத்தும் முறை, வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி ஆகியவை ஆய்வாளரின் மனநலத்தோடு தொடர்புடையன என்று அது காட்டியது. கவனியுங்கள்! பட்டியலின் கடைசியில் குடும்பமும் இருக்கிறது. அதாவது, நாமும் இருக்கிறோம்.

என் மாணவரின் கதையும் அதுவே. சென்ற குளிர்காலத்தில் எட்டு மாதமாக அவர் செய்துவந்த சோதனை பயனற்றுப் போயிற்று. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர். அறைக்குத் திரும்பினால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. உம்மாவுக்குத் தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விடியும்வரை விழித்துக் கிடப்பார். ஊருக்கு வராத அந்த ஓராண்டில் அவர் மெலிந்துபோனதை, "வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அந்தப் பத்து நாட்கள்

இந்தக் குறையைப் பிரிட்டன் உணரத் தொடங்கிச் சில பத்தாண்டுகள் ஆகின்றன. ஒப்பந்த ஆய்வாளர்களின் பணிவாழ்வு குறித்து 1996இல் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 2002இல் சர் காரெத் ராபர்ட்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை, ஆய்வாளர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று வலியுறுத்தியது. அதற்கென ஒதுக்கப்பட்ட நிதிக்கு 'ராபர்ட்ஸ் பணம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 2008இல் உடன்பாடு புதிதாக எழுதப்பட்டு, 2019இல் மீண்டும் திருத்தப்பட்டது.

திருத்தப்பட்ட உடன்பாடு மூன்று தூண்களின்மீது நிற்கிறது. நல்ல பணிச்சூழலும் பண்பாடும் முதலாவது. நேர்மையான பணி நிபந்தனைகள் இரண்டாவது. தொழில் வளர்ச்சி மூன்றாவது. நிதி வழங்குவோர், பல்கலைக்கழகம், ஆய்வுக்குழுவின் தலைவர், ஆய்வாளர் ஆகிய நால்வருக்கும் தனித்தனியே கடமைகள் வகுக்கப்பட்டுள்ளன. இந்த உடன்பாட்டில் ஒரு சிறு வரி உண்டு. முழுநேர ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாட்கள் அவரது தொழில் வளர்ச்சிக்கென வழங்கப்பட வேண்டும் என்பதே அது.

இது விடுமுறை அன்று. சம்பளத்தோடு கூடிய வேலைநேரம். நிதி வேண்டி விண்ணப்பம் எழுதப் பழகலாம். வகுப்பு நடத்திப் பார்க்கலாம். வேறொரு துறையினரோடு ஓரிரு நாட்கள் இருந்து அவர்கள் பணியைக் கண்டறியலாம். தொழில் ஆலோசகரோடு அமர்ந்து, "அடுத்து என்ன?" என்று மனம்விட்டுப் பேசலாம்.

மூன்றாண்டில் என் மாணவருக்குச் சேர வேண்டியவை முப்பது நாட்கள். முதல் இரண்டரை ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்டவை எத்தனை தெரியுமா? மூன்று!

"ஏன்?" என்று கேட்டேன்.

"பயம், ஹஜ்ரத். எனக்கு அடுத்த ஒப்பந்தம் வேண்டுமானால் கட்டுரை வெளிவர வேண்டும். நான் பயிற்சியில் இருக்கும் நாளில் பக்கத்து மேசைக்காரர் சோதனை செய்துகொண்டிருப்பார். அந்தப் பத்து நாட்களும் ஏட்டில்தான் எனக்குரியவை" என்றார்.

உரிமை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்துவோர் பின்தங்கிப் போகும்படி சூழலை வைத்திருந்தால் அந்த உரிமையால் பயன் என்ன? அந்த உடன்பாடு சட்டமும் அன்று. ஒப்பமிட்ட நிறுவனங்கள் தாமே ஏற்றுக்கொண்ட உறுதிமொழி. ஆகவே அது உயிர்பெறுவதும் ஏட்டில் உறங்குவதும் நேர்மேலாளர் ஒருவரின் குணத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அவர் விஷயத்தில் அந்தக் குணம் நல்லதாக அமைந்தது. ஆண்டுப் பணி ஆய்வின்போது குழுத்தலைவியான அம்மையார் சோதனை முடிவுகளைப் பற்றிக் கேட்கும் முன்பே, "உங்கள் பத்து நாட்களை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாராம். இவர் மௌனமாக இருக்கவே, நாட்காட்டியை எடுத்து மாதத்திற்கு ஒரு நாளை அவரே குறித்துக் கொடுத்திருக்கிறார். "அந்த நாளில் உங்களை ஆய்வுக்கூடத்தில் நான் பார்க்கக் கூடாது" என்றும் சொல்லியிருக்கிறார். உறக்கமின்மையைப் பற்றி இவர் வாய் திறந்தது அப்போதுதான். பல்கலைக்கழக ஊழியர்களுக்கான மனநல ஆலோசகரிடம் ஆறு முறை சென்று வந்தார். குறிக்கப்பட்ட நாட்களில் இரண்டை ஒரு மருத்துவமனையின் நோயறி ஆய்வகத்தில் கழித்தார். தம் கைத்திறன் அங்கும் பயன்படும் என்று கண்டுகொண்டார்.

"வேலை கிடைத்ததா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னும் இல்லை. ஆனால் தூக்கம் வந்துவிட்டது" என்றார்.

ஓட்டையை அடைக்காமல்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டைப் படகில் இருப்பவருக்கு நீர் இறைக்கும் கலையைக் கற்பிப்பது மட்டும் உதவி ஆகாது. ஓட்டையையும் அடைக்க வேண்டும். யோகப் பயிற்சி, மன அமைதி வகுப்பு, தொலைபேசி ஆலோசனை எல்லாம் நல்லவையே. ஆனால் ஒப்பந்தம் முடியுமுன் உரிய காலத்தில் தகவல் தராமலும், ஏசும் மேலாளரைத் தட்டிக் கேட்காமலும், வகுப்பை மட்டும் நடத்தினால், "குறை உன் மனத்தில்தான் இருக்கிறது" என்று ஆய்வாளரிடம் சொல்வதாகிவிடும். தொழில் வளர்ச்சியையும் மனநலத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. அடுத்த அடி எங்கே என்று தெரியாதவனுக்கு அமைதி எப்படி வரும்?

நம் நாட்டில்

நம் நாட்டு நிலை என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் சில பாதுகாப்புகளை அளிக்கின்றன. ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் முனைவர் பட்ட நெறியாளராக இருக்கக் கூடாது. பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக் காலத்தில் மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பு உண்டு. முடிப்பதற்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் தரலாம். திருமணம் ஆனதும் ஆய்வை நிறுத்திவிட்ட நம் பெண்மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மறுபுறம், சிறுபான்மைச் சமூக ஆய்வாளர்களுக்காக 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கதவு அடைபட்ட நிலையில், இருக்கும் ஆய்வாளர்களைத் தளர்ந்துவிடாமல் காப்பது முன்னைவிட முக்கியமாகிறது. உள்ளம் தாங்காத இரவில் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசு மனநலச் சேவை இது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைப் பிள்ளைகளின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.

வீட்டின் பங்கு

பல்கலைக்கழகம் தரும் பத்து நாட்கள் போக, மீதி நாட்களில் ஆய்வாளர் யாருடைய குரலைக் கேட்டு வாழ்கிறார்? நம் குரலைத்தான்! ஆகவே பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: "எப்போது முடியும்?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். அது அவருக்கே தெரியாது. "இந்த மாதம் என்ன செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் காது கொடுங்கள்.

இரண்டு: ஒப்பந்த வேலையை இழிவாக எண்ணாதீர்கள். பெண் கொடுப்போரும் எடுப்போரும் 'நிரந்தரம்' என்ற ஒரே அளவுகோலைப் பிடித்து நின்றால், உழைப்பும் ஒழுக்கமும் உள்ள பல பிள்ளைகளை இழப்போம்.

மூன்று: பல்கலைக்கழகத்தை விட்டு வேறு பணிக்குச் செல்ல அவர் முடிவு செய்தால், "இத்தனை படித்தும் வீணா?" என்று சொல்லிவிடாதீர்கள். கற்ற கல்வி அவரோடுதான் செல்கிறது.

நான்கு: உறக்கம், உணவு, பேச்சு ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் கவனியுங்கள். மனநல மருத்துவரிடம் செல்வதைக் கண் மருத்துவரிடம் செல்வதைப் போலவே எண்ணுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சிப் பிள்ளையை இழந்துவிடாதீர்கள்.

என் மாணவர் விடைபெற எழுந்தார். தெருமுனை வரை உடன் சென்றேன். "மார்ச் மாதம் என்னவாகும்?" என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அடுத்த மாதம் உனக்குக் குறித்த நாளில் என்ன கற்கப்போகிறாய்?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். இரவுத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும் வரை தெருவிளக்கின் கீழ் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அதுவே முதல் முறை.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆய்வாளர் இருப்பின், இன்றிரவு அவரிடம் அந்த வினாவைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.