காகிதத்தில் மலரும் கைவண்ணம்



திருவருகைக் காலம் நெருங்கிவிட்டால் இப்பகுதிக்கு வரும் மடல்களில் பாதி, குடிலையும் விண்மீனையும் வாழ்த்து மடலையும் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை எப்போதும்வென்றானிலிருந்து ஓர் அன்னையார் எழுதிய மடல் சற்றே வேறுபட்டது. கல்லூரியில் பயிலும் அவர் மகள், காகிதம் வெட்டும் சிறு மின்பொறி ஒன்று வாங்கித் தருமாறு கேட்கிறாளாம். அதைக்கொண்டு வாழ்த்து மடல்களும் வீட்டு அலங்காரப் பொருள்களும் செய்யலாம், விற்றுப் பொருள் ஈட்டவும் கூடும் என்பது மகளின் எண்ணம். அன்னைக்கோ அச்சம். இரண்டு தலைமுறையாகத் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த குடும்பம் அது. பொறி வந்தால் கை ஓய்ந்துவிடும் என்பதைக் கண்ணாரக் கண்டவர். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்.

இந்த அச்சம் பொருளற்றதன்று. 1923-ஆம் ஆண்டில் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா சென்று கற்று வந்த தொழிலைத் தொடங்கினர். அதன்பின் மழை பொய்க்கும் கரிசல் சீமையெங்கும் தீப்பெட்டித் தொழில் பரவியது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ இல்லாத ஊர் அரிது என்னும் நிலை வந்தது. பருத்தியும் கம்பும் கைவிட்ட ஆண்டுகளில் அடுப்பை எரியவைத்தது அடிப்பெட்டியும் மேல்பெட்டியுமே. பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலக் காகிதம் சுற்றி, பசை தடவி ஒட்டினார்கள். கணக்கு குரோஸில், ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. சிறார்களும் அதில் ஈடுபடுத்தப்பட்டது அத்தொழிலின் துயரமான பக்கம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இது குறித்துக் கடுமையான தீர்ப்பை வழங்கியது. பின்னர் மரச்சீவல் போய் அட்டை வந்தது. அட்டையோடு பொறியும் வந்தது. திண்ணையில் ஒட்டும் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆகவே, காகிதம் மடிக்கும் கை இம்மண்ணுக்குப் புதிதன்று. அக்கை இதுவரை கூலிக்காக மடித்தது. இனித் தன் வீட்டுக்காகவும், தான் அன்பு செய்வோர்க்காகவும் மடிக்குமா என்பதே கேள்வி. இதற்கு விடை காணப் பொறியை முதலில் அறிந்துகொள்வோம்.

காகிதத்தைப் பூவேலையாக வெட்டும் கலை பழமையானது. காகிதம் பிறந்த சீனாவில் அது இன்றும் வாழ்கிறது. 2009-இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. நம் நாட்டில் மதுராவின் ‘சாஞ்சி’க் கலைஞர்கள் நுண்ணிய கத்தரிக்கோலால் கண்ணன் கதைகளை வெட்டியெடுக்கின்றனர். கத்தோலிக்க மரபிலும் இதற்குச் சீரிய இடம் உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்சு, தென் ஜெர்மனி முதலிய நாடுகளின் கன்னியர் மடங்களில் அருட்சகோதரியர் சிறு பேனாக்கத்தி கொண்டு தோல்தாளிலும் காகிதத்திலும் பின்னல் துணி போன்ற சித்திரங்களை வெட்டினர். நடுவில் ஒரு புனிதரின் உருவம். சுற்றிலும் கொடியும் மலரும். அக்கத்தியின் பிரெஞ்சுப் பெயரே அப்படங்களுக்கும் அமைந்து, ‘கானிவே’ எனப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறிகள் அத்தகைய ஓரங்களை ஆயிரக்கணக்கில் அச்சாக்கின. நம் பாட்டியர் செபப் புத்தகத்தினுள் பாதுகாத்த, சரிகை ஓரமிட்ட புனிதர் படங்கள் அவ்வழியில் வந்தவையே. அச்சிட்ட கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடலும் இலண்டனில் 1843-இல் பிறந்தது. ஹென்றி கோல் என்பவர், நண்பர்கள் அனைவர்க்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு அதை வரைவித்தார். கைக்கும் பொறிக்கும் இடையே உள்ள வழக்கு நேற்றுத் தொடங்கியதன்று என்பது இதனால் விளங்கும்.

இனிப் பொறிக்கு வருவோம். சிவகாசியில் அட்டைப் பெட்டிக்கும் அழைப்பிதழுக்கும் ‘டை’ அடிப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். மரப்பலகையில் எஃகுத் தகட்டை வேண்டிய வடிவில் வளைத்துப் பதித்து, அதைக் காகிதத்தின்மேல் அழுத்துவர். கூரிய தகடு வெட்டும். மழுங்கிய தகடு மடிப்புக்கோடு இடும். ஒரு வடிவத்திற்கு ஒரு டை வேண்டும். ஆயிரம் படிகளுக்கு அது சிக்கனம். பத்துப் படிகளுக்கு வீண்செலவு. வீட்டு மின்பொறியில் டை இல்லை. கணினியிலோ கைப்பேசியிலோ வரைந்த கோட்டை, ஊசிமுனை அளவான கத்தி ஒன்று பின்தொடர்ந்து செல்கிறது. கத்தி இடமும் வலமும் நகர, உருளைகள் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. காகிதம் அசையாதிருக்க, பசையுள்ள பாய் ஒன்றின்மேல் அதை ஒட்டிவைக்க வேண்டும். பத்து மடலுக்குப் பத்து வேறு வடிவங்கள் வேண்டினும் அதற்கு ஒன்றே.

இதன் குணங்களை அறிந்தால்தான் ஏமாற்றம் இராது. காகிதத்தின் தடிமனை ‘ஜி.எஸ்.எம்.’ என்பர், ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை எத்தனை கிராம் என்பதே அது. மடலுக்கு 200 முதல் 250 வரை உகந்தது. ஒவ்வொரு தடிமனுக்கும் கத்தியின் ஆழமும் அழுத்தமும் மாறும். ஆதலின் ஓரத்தில் சிறு கட்டம் ஒன்றை வெட்டிச் சோதித்த பின்னரே முழுவதையும் வெட்டுதல் வேண்டும். நம் பக்கத்தில் மழை பெய்வது ஐப்பசி கார்த்திகையில்; மடல் செய்யும் காலமும் அதுவே. ஈரம் உண்ட காகிதம் பிசிறும். வாங்கிய காகிதத்தைத் தகர டப்பாவில் மூடிவைப்பது நன்று. கத்தி மழுங்கும், பாயின் பசை தேயும், இரண்டும் அவ்வப்போது வாங்க வேண்டியவை.

தமிழில் எழுத்து வெட்டுவோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இப்பொறிகளோடு வரும் வழிகாட்டிகள் ஆங்கில எழுத்தையே மனத்தில் கொண்டவை. ‘கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்’ என்று வெட்டிப் பாருங்கள். எழுத்துகள் உதிரியாக வரும். ஐந்து புள்ளிகள் ஐந்து பொடிகளாகப் பறந்துபோகும். மாறாக, எழுத்தைத் துளையாக வெட்டி உள்ளே விளக்கு வைத்தால் புள்ளிகள் துளைகளாக நிற்கும். ஆனால் ‘ம’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் காகிதம் கழன்று விழும். முன்னதற்கு வழி, எழுத்துகளின் அடியில் மெல்லிய பட்டை ஒன்றை ஓடவிட்டு அனைத்தையும் ஒன்றாக இணைத்து, புள்ளியையும் சிறு காம்பால் எழுத்தோடு சேர்த்தல். பின்னதற்கு வழி, சுழியின் உள்ளிருந்து வெளியே சிறு பாலம் விடுதல்.

ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோரும் இதே இடர்ப்பாட்டைக் கண்டவரே. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். குறிலா நெடிலா என்று படிப்பவரே ஊகித்துக்கொள்ள நேர்ந்தது. ‘எ’கர ‘ஏ’கார, ‘ஒ’கர ‘ஓ’கார வேறுபாட்டைக் கொம்பாலும் சுழியாலும் காட்டும் சீர்திருத்தத்தைச் செய்தவர் வீரமாமுனிவர் எனத் தமிழறிஞர் கூறுவர். அவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி, கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள பரலோக மாதா திருத்தலம் அன்றோ! எழுதும் பொருள் மாறுந்தோறும் எழுத்தைச் செப்பனிடும் கடமை நமக்கு உண்டு. அக்கடமை இன்று கல்லூரி மாணவி ஒருத்தியின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வடிவங்களுக்கும் வெளியே தேடி அலைய வேண்டுவதில்லை. அச்சிட்ட பனித்துளியும் ஊசியிலை மரமும் நாம் காணாதவை. வாசலில் இடும் சிக்குக் கோலத்தை எண்ணுங்கள். புள்ளிகளை விட்டுவிட்டு, வளைந்து பின்னும் கோட்டை மட்டும் பட்டையாக வெட்டினால், ஓரிடமும் அறாமல் பின்னல் துணிபோல் ஒரே துண்டாக வரும். பனை, பருத்திப்பூ, கம்பங்கதிர் ஆகியவற்றையும் வரையலாம். பெத்லகேமின் இடையர்கள் நம் ஊர்ச் செம்மறிக் கிடையில் நின்றால் யார் வேண்டாம் என்பர்?

எனினும், பொறி இல்லாதோர் மனம் வாட வேண்டாம். பொறியால் இயலாததும் உண்டு. மெல்லிய சதுரத் தாள் ஒன்றைப் பாதியாக மடியுங்கள். மடித்த விளிம்பின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு மூன்று சம பாகமாக மடியுங்கள். மீண்டும் பாதியாக மடியுங்கள். பன்னிரண்டு அடுக்கு சேரும். மைய முனைக்கு மேலே கத்தரிக்கோலைச் சாய்த்து ஒரே வெட்டு! விரித்தால் ஆறு முனை விண்மீன். பன்னிரண்டு அடுக்கைப் பொறியின் சிறு கத்தி வெட்டாது. பாட்டியின் கத்தரிக்கோல் வெட்டும்.

குடில் மடலும் எளிதே. ஏ4 அட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு மடலுக்கு ஆகும். மடிக்கும் இடத்தில் அடிக்கோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்திக் கோடிட்டபின் மடித்தால் முதுகு வெடிக்காது. மடிப்பு விளிம்பில் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில், மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு வெட்டுகள் இணையாக இடுங்கள். விரித்து, அந்தப் பட்டையை உட்புறமாக முன்னே தள்ளினால் சிறு படி போல எழுந்து நிற்கும். அதன் முகப்பில் திருக்குடும்பத்தின் உருவத்தை ஒட்டுங்கள். வெளியே வேறொரு தாளை உறையாக ஒட்டினால் வெட்டு மறையும். மடலைத் திறந்தவுடன் குடில் எழும், மூடினால் அடங்கும். விண்மீன் கூண்டு செய்வோர் உள்ளே மெழுகுவர்த்தியோ சூடேறும் குமிழ்விளக்கோ வைக்காமல், சூடு குறைந்த எல்.இ.டி. விளக்கே வையுங்கள். காகிதமும் தீயும் எவ்வளவு அண்மை என்பதைத் தீப்பெட்டிச் சீமையார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, அன்னையார் கேட்ட கேள்வி. நற்பொறியின் விலை பல்லாயிரம் ரூபாய். கணக்குப் பார்ப்போம். பொறிக்கு 25,000 ரூபாய் என்றும், ஒரு மடலில் காகிதச் செலவு போக 50 ரூபாய் மிஞ்சும் என்றும் கொள்வோம். 500 மடல் விற்றால்தான் முதல் திரும்பும். விலையில் சிவகாசியோடு போட்டியிட எவராலும் ஆகாது. அங்கே ஆயிரக்கணக்கில் அடிப்பதை நாம் பத்து பத்தாகச் செய்து வெல்ல இயலாது. சிவகாசி செய்யாததையே நாம் செய்தல் வேண்டும்: திருமுழுக்குப் பெறும் குழந்தையின் பெயர் பொறித்த மடல், முதல் திருவிருந்துக்கான நினைவுப்படம், புதுமனை புகுவோர்க்கு வாசல் தோரணம், திருமண மேடைக்கு மணமக்கள் பெயர். இவை நூறாக வேண்டா, ஒன்றாகவே வேண்டும். இத்தகைய வேண்டுகோள் உங்கள் ஊரிலும் அக்கம் பக்கத்திலும் எத்தனை வரும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்றும் விசாரியுங்கள். சில பொறிகள் நிறுவனத்தின் இணையத் தொடர்பு இன்றி வேலை செய்வது அரிது. 2021 மார்ச்சில் ‘கிரிகட்’ என்னும் பெயர்பெற்ற நிறுவனம், கட்டணம் செலுத்தாதோர் மாதம் 20 சொந்தப் படங்களையே ஏற்றலாம் என அறிவித்தது; பயன்படுத்துவோர் எதிர்ப்பால் சில நாள்களில் அதைக் கைவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கும் பிறர் பூட்டுப் போட இயலும் என்பதற்கு இது சான்று.

எனவே என் கருத்து இது. மகள் முதலில் ஓராண்டு கத்தரிக்கோலாலும் சிறு கத்தியாலும் செய்து பழகட்டும். கையால் வெட்டிய கைக்கே எந்தக் கோடு தாங்கும், எது அறும் என்பது தெரியும்; அந்த அறிவு இன்றிப் பொறி வெறும் பெட்டியே. அதற்குள் பத்து வீட்டார் அவளைத் தேடி வருவாரேயானால், வட்டிக்குக் கடன் வாங்காமல், பங்கின் இளையோரோ மகளிர் குழுவினரோ கூடிப் பொதுவில் ஒன்று வாங்குங்கள். பத்துப் பேர் முறைவைத்துப் பயன்படுத்தினாலும் அது தேயாது. ஒரு வீட்டில் உறங்கினால் துருவே மிச்சம்.

அம்மா, நீங்கள் கண்ட பொறி முதலாளியின் கணக்குக்காக உங்கள் கையை நிறுத்தியது. மகள் கேட்கும் பொறி அவள் மனத்தில் தோன்றியதை வெட்டித் தரும். தோன்றுவிப்பது அதனால் ஆகாது. ஆகையால் அவளை மறுக்க வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். இவ்வாண்டு திண்ணையில் அவளோடு நீங்களும் அமருங்கள். ஒரு பிசிறும் இன்றி மடிப்பெடுத்து, அளவாகப் பசை தொட்டு ஒட்டும் விதத்தை உங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க வல்லவர் யார்? செய்த மடல்களுள் முதலாவதை, எவரும் மடல் அனுப்பாத ஒரு வீட்டுக்கு, தனித்து வாழும் ஒரு முதியவருக்கு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு விலை இல்லை. ஆனால் அதுவே உங்கள் மகளின் தொழிலுக்கு நல்ல கைராசியாக அமையும்.