பெயரும் நிறமும் பறிபோன நாயகன்

புதினம் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக ஆக்கும்போது சிலவற்றை நீக்குவதும் சிலவற்றைச் சேர்ப்பதும் தவிர்க்க இயலாதவை. எழுத்தில் பத்துப் பக்கம் நீளும் மனப்போராட்டத்தைக் காட்சியில் ஒரு பார்வையால் உணர்த்த வேண்டியிருக்கும். இதனை யாரும் குறை கூறார். ஆனால், ஒரு பாத்திரத்தின் உயிர்நிலை எதுவோ அதனையே எடுத்துவிட்டுப் பழைய பெயரை மட்டும் ஒட்டிவைப்பது வேறு. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் (1929-2018) படைத்த 'எர்த்சீ' புதின வரிசைக்கு 2004 டிசம்பரில் நேர்ந்தது அதுவே என்பது என் கருத்து.

மந்திரக் கதையைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஆயிரத்தொரு இரவுகளையும் அமீர் ஹம்சாவின் கதையையும் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது.

எர்த்சீ, எண்ணற்ற தீவுகளால் ஆன ஒரு கற்பனை உலகம். 1968இல் முதற் புதினமும் 1971இல் இரண்டாவதும் வெளிவந்தன. கோண்ட் என்னும் மலைத்தீவில், தாயை இழந்து ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவன் ஒருவன் மந்திரக்கலை பயிலச் செல்கிறான். அங்கே செருக்கினால் தன் ஆற்றலைக் காட்டப் புகுந்து, இருளிலிருந்து ஒரு நிழலை வெளியே விட்டுவிடுகிறான். முதலில் நிழல் அவனைத் துரத்துகிறது. பின்னர் அவன் அதனைத் துரத்துகிறான். உலகின் எல்லைக் கடலில் அதனை எதிர்கொள்ளும்போது, அவன் அதற்கு இடும் பெயர் தன்னுடைய பெயரே. கொன்றொழிக்க வேண்டிய பகைவன் வெளியே எவனும் இல்லை. நஃப்ஸோடு பொருதுவதே கடினமான போர் என்று சிறுவயது முதல் கேட்டுவந்த நமக்கு இக்கதையின் உட்பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ராபர்ட் லீபர்மன் இயக்கத்தில் சை-ஃபை அலைவரிசை ஒளிபரப்பிய குறுந்தொடர், முதலிரு புதினங்களையும் ஒன்றாகப் பிசைந்து இரண்டே இரவுகளில் முடித்தது. நாயகனுக்கு எதிராக நாடு பிடிக்கும் கொடிய மன்னன் ஒருவனைப் புதிதாகச் சேர்த்தது. புதினத்திலும் படையெடுப்பு உண்டு. ஆனால் அது தொடக்கத்தில், சிறுவன் மூடுபனியை வரவழைத்துத் தன் ஊரை மறைக்கும் ஒரு நிகழ்ச்சியோடு முடிந்துவிடும். தொடரிலோ மன்னனே கதையை நடத்துகிறான். தன்னை வெல்ல வேண்டியவன் பிறரை வெல்லும் வீரனாகிவிட்டான்.

பெயர் மாற்றம் இதனினும் வியப்பானது. எர்த்சீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள். ஊரார் அழைப்பது ஒன்று. உயிருக்கு ஒப்பாக மறைத்து வைப்பது மற்றொன்று. நாயகனின் உண்மைப் பெயர் கெட். வழங்குபெயர், வல்லூறு எனப் பொருள்படும் ஸ்பாரோஹாக். தொடரை ஆக்கியோர் இவ்விரண்டையும் தலைகீழாக்கினர். ஆதம் நபிக்கு (அலை) இறைவன் பெயர்களைக் கற்பித்தான் என்ற செய்தியைத் திருமறையில் ஓதுகிற நாம் இதனைச் சிறு பிழை என்று ஒதுக்கிவிட இயலுமா? பெயரே பொருளை ஆளும் என்ற அடித்தளத்தின் மீது எழுந்த கதையில் பெயரையே மாற்றுவது, கட்டடத்தை விட்டுவிட்டுக் கடைக்காலைப் பெயர்ப்பது போன்றது.

இனி நிறம். லெ குவினின் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய ஆருயிர் நண்பன் வெட்ச் கருநிறத்தவன். அத்தீவுகளின் மக்களுட் பெரும்பாலோர் மாநிறமோ கருமையோ உடையவர்கள். கொள்ளையிட வரும் கார்க் இனத்தவரே வெள்ளையர். 1968இல் அமெரிக்காவில் இளையோர்க்கான நூலொன்றில் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். வாசகன் நாயகனோடு மனம் ஒன்றிய பின்னரே அவன் நிறத்தை அறியும்படி, ஆசிரியர் அதனை அடக்கமாகச் சொல்லிச் சென்றார். தொடரில் கெட் ஆக நடித்தவர் வெள்ளையரான ஷான் ஆஷ்மோர். கருநிறத்தவரான டேனி குளோவருக்குக் கிடைத்தது முதிய ஆசானின் வேடம். அறிவுரை கூறி ஒதுங்கும் முதியவராகக் கருப்பரைக் காட்டுவதில் திரையுலகுக்குத் தயக்கமே இல்லை! வெள்ளை இனத்துப் பெண்ணான தெனார் வேடத்திலோ, சீன வழித் தாய்க்குப் பிறந்த கிறிஸ்டின் குரூக் நடித்தார்.

தெனார் நிலையும் இரங்கத்தக்கதே. குழந்தைப் பருவத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருட்கல்லறைகளுக்குப் பூசாரிணியாக்கப்பட்டவள் தன் பெயரை மீட்டு வெளியேறுவதே இரண்டாம் புதினம். அதில் கெட்டுக்கும் அவளுக்கும் இடையே காதல் இல்லை. நம்பிக்கை மட்டுமே உண்டு. 1990இல் வந்த 'தெஹானு'வில், நடுவயதில், அவன் தன் ஆற்றலனைத்தையும் இழந்த பிறகே இருவரும் இணைகின்றனர். தொடருக்கு அத்துணைப் பொறுமை இல்லை.

ஆலோசகர் என்னும் பட்டத்தை ஒப்பந்தத்தில் பெற்றிருந்த ஆசிரியரிடம் ஆலோசனை கேட்கப்படவில்லை. தொடர் வெளிவந்த அதே மாதத்தில், தன் எர்த்சீயை வெள்ளையடித்துவிட்டனர் என்று அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அதனை வெறும் ஆசிரியப் பிடிவாதம் என்று கருதுவோர், முகத்தை வெளுப்பாக்கும் பசை விளம்பரங்களைப் பார்த்தபடி நம் வகுப்பறைகளில் வந்தமரும் கருநிறப் பிள்ளைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கதையில் கூடத் தம் சாயலில் ஒரு நாயகனைக் காணாத பிள்ளைக்குக் கிடைத்த ஒருவனை, அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது வெட்ச் பாத்திரமே. நிழலால் தாக்குண்டு, முகத்தில் வடுவோடு, எல்லோராலும் ஒதுக்கப்பட்டுக் கெட் கிடந்தபோது அவனிடம் தன் உண்மைப் பெயரை ஒப்படைத்தவன் அவன். இறுதிப் பயணத்தில் சிறு படகில் உடன்சென்றவனும் அவனே. அக்கரிய முகமும் தொடரில் இல்லை. அவ்வேடத்தையும் ஒரு வெள்ளையரே ஏற்றிருந்தார்.