திருமலைக்கு வருகிறவர்கள் எந்தத் தெருவில் தங்கலாம்?
நகரிக் குடியிருப்போரின் நிலைப்பாட்டு அறிக்கை

சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் திருமலைக்குக் கிளம்புகிற சொந்தக்காரர்கள் நகரியில் இருக்கும் எங்களுக்குப் போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். ரூம் எங்கே போடலாம்? திருப்பதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜா, கொர்லகுண்டாவிலோ எம்.ஆர்.பள்ளியிலோ யாரோ நாள்வாடகைக்கு விடும் மாடி வீடா? இதுவரை அவரவருக்குத் தோன்றியதைச் சொல்லி வந்தோம். இப்போது திருப்பதியின் குடியிருப்புத் தெருக்களில் நாள்வாடகை வீடுகள் பெருகுகின்றன. நகரியிலும் மாடி அறையை அப்படி விடலாமா என்று எங்கள் உறுப்பினர்களே கேட்கிறார்கள். அதனால் சங்கத்தின் முடிவை எழுத்தில் வைக்கிறோம்.

ஊர்க்காரர்கள் வாழும் தெருவில் யாத்ரீகர் தங்குவதை ஆதரிக்கிறோம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆள் குடியிருக்காத வீடுகளை வாங்கிப்போட்டு முழுவதையும் நாள்வாடகைக்கு விடுவதை எதிர்க்கிறோம். அதைச் செய்கிறவர் எங்கள் உறுப்பினராகவே இருந்தாலும் சரி.

எங்கள் பாட்டன் காலத்தில் எங்கே தங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு எங்கே விழுந்தாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அரக்கோணம் – ரேணிகுண்டா ரயில் பாதையில் ஏகாம்பரகுப்பத்திலோ புத்தூரிலோ இறங்கி, அத்தை வீட்டில் ஒரு ராத்திரி படுத்து, விடிந்ததும் மலைக்குப் போவதுதான் வழக்கம். எங்களுக்கும் சென்னையில் அதே கதைதான். ஆஸ்பத்திரி வேலையாகப் போனால் பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ சொந்தக்காரர் வீட்டில்தான் பாய் விரிப்போம். அந்த உறவுகள் மெலிந்துபோய், அத்தை வீடு இருந்த இடத்தில் இன்று கட்டண அறை வந்து நிற்கிறது. கட்டணம் வாங்குவதில் எங்களுக்கு வெட்கமில்லை. நகரியின் விசைத்தறிகளுக்கு ஆர்டர் குறைகிற மாதங்களில் மாடி அறை வாடகை ஒரு குடும்பத்துக்கு மளிகைக் கடனை அடைக்கும்.

திருப்பதியைப் பலர் மலையடிவார வெயிட்டிங் ஹால் போலப் பார்க்கிறார்கள். 1130 பிப்ரவரி 24 அன்று இராமானுஜர் நிறுவிய ஊர் என்று 2022 முதல் திருப்பதி தன் பிறந்தநாளைக் கொண்டாடி வருகிறது. கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் மக்களைக் குடியேற்றி வளர்ந்த ஊர் அது. லாட்ஜ் எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவை. பேருந்தில் வந்து, டோக்கன் வாங்கி, மலையேறி, லட்டோடு திரும்புகிறவர்களுக்கு இந்த ஊர் கண்ணிலேயே படுவதில்லை. மே மாதம் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாதரைக்கு ஒருமுறை ஊருக்குள் தங்கிப் பாருங்கள். ஏழு நாளும் ஆண்கள் பைராகி வேடம், தோட்டி வேடம், மாதங்கி வேடம் என்று நாளுக்கொரு வேடம் கட்டித் தெருத்தெருவாகப் போவார்கள். ‘சாட்டிம்பு’ என்னும் ஜாதரை அறிவிப்புப் போட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் ஜாதரை முடியும்வரை எல்லை தாண்டுவதில்லை என்பது பழைய கட்டுப்பாடு. காப்புக் கட்டிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கங்கம்மா வேங்கடவனின் தங்கை என்பதால் திருமலை தேவஸ்தானத்திலிருந்து சீர் வருகிறது. இதையெல்லாம் லாட்ஜ் வரவேற்பறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மாடி வீட்டு அம்மா சொல்வார், கேட்காமலே.

அதற்காக எல்லோரையும் குடியிருப்புத் தெருவுக்கு வரச் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், விடியற்காலையில் தரிசன நேரம் கிடைத்தவர்கள் ஆகியோர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஸ்ரீனிவாசத்திலோ ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விஷ்ணு நிவாசத்திலோ தங்குவதே நல்லது. தேவஸ்தானமே நடத்துவதால் செலவும் குறைவு. ஒரே ராத்திரிக்கு வருகிறவருக்கு எந்தத் தெரு என்பது பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு மூன்று நாள் இருக்கிறவர்களுக்கும், ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து வாரக்கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கும்தான் எங்கள் சிபாரிசு. அவர்களுக்கு அடுப்பும் அக்கம்பக்கமும் வேண்டும்.

2025 ஜனவரி 8 அன்று நடந்ததை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியின் பைராகிப்பட்டெடாவில் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் இறந்தார்கள். பைராகிப்பட்டெடா மனிதர்கள் குடியிருக்கும் பகுதி. நாலு பேர் வந்து தங்கலாம், ஆயிரக்கணக்கானோரை நிறுத்திவைக்க அந்தத் தெருக்கள் போடப்படவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் டோக்கன் கவுண்டர் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இந்த அறிக்கையில் சேர்க்கிறோம்.

முழு வீட்டு நாள்வாடகையை ஏன் எதிர்க்கிறோம்? மாத வாடகைக்கு இருக்கும் பள்ளி ஆசிரியரும் நர்ஸும் தரும் தொகையை, விசேஷ நாட்களில் ஒரு வாரத்திலேயே நாள்வாடகையில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடும் உரிமையாளர் அவர்களை எவ்வளவு நாள் வைத்திருப்பார்? குடித்தனக்காரர்கள் போன பிறகு தெருவில் மிஞ்சுவது பூட்டுப் போட்ட கதவுகளும் நள்ளிரவில் ஹாரன் அடிக்கும் கார்களும்தான். அப்புறம் அது ‘உள்ளூர்த் தெரு’ என்று விளம்பரம் செய்ய என்ன இருக்கிறது? பார்சிலோனா இந்த நிலைக்கு வந்த பிறகுதான் சுமார் 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக 2024இல் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக அறை விட்டால் வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டு விதியே வீட்டுக்காரர் குடும்பம் அங்கே வசிக்க வேண்டும் என்கிறது. அறைகள் 6க்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல விதி. அந்த வகைப்பாட்டுக்கு வெளியே நடக்கிறவற்றுக்கும் இதே விதியை நகராட்சிகள் பொருத்த வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

நகரியையும் தங்குமிடமாகச் சொல்லலாமா என்று உறுப்பினர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. திருப்பதி இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மலையே குறி என்றால் தூரம்தான். நாராயணவனம் கல்யாண வேங்கடேசர், நாகலாபுரம் வேதநாராயணர், குசஸ்தலை ஆற்றங்கரையில் புக்கா காசி விசுவநாதர் என்று சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு நகரி வசதியான ஊர். ஆனால் இது விசைத்தறி ஊர். இங்கே தறிச் சத்தம் ராத்திரியிலும் இருக்கும். தூக்கம் வேண்டுமென்றால் தறி இல்லாத தெருவில் அறை கேளுங்கள். தறிக் கொட்டகைக்குள் கேமராவோடு நுழைந்து ‘அனுபவம்’ தேடுகிறவர்கள் முதலில் உள்ளே வேலை செய்கிறவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் பீஸ் ரேட்டுக்கு ஓட்டுகிறார். அவர் நின்றால் கூலியும் நிற்கும்.

அறை விடுகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். வாடகையை முன்பே சொல்லுங்கள், பிரம்மோற்சவத்தில் வந்து இறங்கிய பிறகு ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவியுங்கள். தரிசன டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி அறை விடுகிறவருக்கு எங்கள் சங்கத்தில் இடம் கிடையாது. டிக்கெட் தேவஸ்தானத்திடம்தான் வாங்க வேண்டும்.

விருந்தினருக்கும் அதே அழுத்தத்தோடு சொல்கிறோம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உள்ளூர்க்காரர்களுக்கென்று 2024 டிசம்பர் முதல் தனி தரிசனம் நடக்கிறது. அதற்காக வீட்டுக்காரரின் ஆதாரைக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். கோடையில் தண்ணீரைப் பார்த்துச் செலவு செய்யுங்கள். கோலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தெலுங்கு தெரியாவிட்டால் பரவாயில்லை, தமிழில் பேசினாலும் திருப்பதியில் பதில் கிடைக்கும்.

புரட்டாசிக் கூட்டம் தொடங்கும் முன் நகரி, புத்தூர் நகராட்சிகளும் திருப்பதி மாநகராட்சியும் அறை விடும் வீடுகளின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அதுவரை, முன்பணம் அனுப்பும் முன் ‘நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் லாட்ஜிலேயே அறை எடுத்துக்கொள்ளுங்கள்.