இரண்டும் ஒன்றுதானே?

"இரண்டும் ஒன்றுதானே, ஸார்?" என்று பெயிண்டர் மேஸ்திரி கேட்டார். "ஒன்றுதான்" என்று நானும் தீர்ப்புச் சொன்னேன். ஏழு வருஷங்களுக்கு முன் நடந்த சங்கதி இது. கதை எழுதிப் பிழைக்கிறவன் ஆகையால் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இத்தனை அலட்சியமாகச் சொன்ன பொய் வேறு இல்லை.

கூடத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டியிருந்தது. ஷேடு கார்டில் எல்லாவற்றையும் கழித்த பிறகு, தபால் தலை அளவில் இரண்டு சதுரங்கள் மிஞ்சின. கம்பெனிக்காரர்கள் அவற்றுக்குச் சூட்டியிருந்த இங்கிலீஷ் பெயர்கள் தொடர்கதைக் கதாநாயகிகளுக்குத்தான் பொருந்தும். நாங்கள் வீட்டில் ஒன்றைத் தந்தம் என்றும் மற்றதைச் சந்தனம் என்றும் அழைத்தோம். என் மனைவிக்குத் தந்தம்தான் வேண்டும். "சந்தனத்திலே லேசாக ஒரு சிவப்பு ஓடுகிறது. உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தமக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டுவது குடும்பத் தலைவர்களின் பரம்பரைச் சொத்து அல்லவா? தவிர, வேறொரு வீட்டில் மிஞ்சிய சந்தனம் அரை டப்பா மேஸ்திரியிடம் இருந்தது. அந்த அரை டப்பாதான் ஜெயித்தது.

நாலு சுவரும் காய்ந்த அன்று, மாலை நாலரை மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. கூடம் முழுவதும் கருணைக்கிழங்கு மசியலை அப்பியது போல ஆகிவிட்டது. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருஷமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பது அவள் வழக்கம்; அன்றையிலிருந்து கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாறிவிட்டாள். காற்றுக்காகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாவலாசிரியன், மனித மனத்தை ஆராய்கிறவன்!

ஆகவே, இந்த 'ஒன்றுதானே'யின் மீது எனக்கு இப்போது ஜன்மப் பகை. அதைச் சொல்கிறவர் யார் என்று கவனியுங்கள். பகலெல்லாம் அந்தச் சுவரின் நடுவே வாழப்போகிறவர் சொல்வதில்லை. காலையில் புறப்பட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர் சொல்கிறார். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போகிறவர் சொல்கிறார். அசட்டையாய் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல, அக்கறை உள்ளவள் அனுபவிக்க வேண்டும். இது என்ன நியாயம்?

சாஸ்திரமாவது இந்த அசட்டையின் பக்கம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கார்டில் உள்ள துண்டு தனியாக நிற்கிறது. சுவரோ இன்னொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னல் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு, எதிர்ச் சுவருக்குப் போய், மறுபடியும் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பூச்சு அந்த வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தைக் கொஞ்சம் விழுங்குகிறது. நாலு சுவருக்குள் மஞ்சள் முற்றிப்போவது அதனால்தான். போதாக்குறைக்கு எங்கள் கூடத்தில் சிவப்பு ஆக்ஸைடுத் தரை வேறு. அது தன் பங்குக்குச் சுவரில் சிவப்பைத் தெளிக்கிறது. வெள்ளை டியூப் லைட்டில் ஒரு நிறம், மஞ்சள் பல்பில் ஒரு நிறம். கார்டில் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பவை சுவரில் ஏறியதும் பங்காளிகள் ஆகிவிடுகின்றன.

பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலை என்று ஒன்று உண்டு. அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரோல் என்ற ரசாயன நிபுணர். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், ஒரு குற்றமும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன என்று கண்டுபிடித்தார். பக்கத்து வர்ணம் ஒரு வர்ணத்தை எப்படி மாற்றும் என்று 1839ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மனிதர் 102 வயது வரை இருந்தார். "எல்லாக் கறுப்பும் ஒன்றுதானே?" என்று புகாரைத் தள்ளியிருந்தால் அவருக்கு எவ்வளவு வேலை மிச்சமாகியிருக்கும்!

கண்ணும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் 100க்குச் சுமார் 8 பேருக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் பிறவியிலேயே சரியாகப் பிடிபடாது. பெண்களில் 200க்கு ஒருவர்தான் அப்படி. வயதாக ஆக எல்லோருடைய கண் வில்லையும் மஞ்சளடித்துப் போகிறது. என் கண் எந்த ஜாதி என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அத்தை இதைவிட விவேகி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் எத்தனை சிட்டிகை என்பதுதான் அந்தக் காலத்து வர்ணப் பிரச்னை. குறைந்தால் சுவர் பழுப்பாகத் தெரியும். கூடினால் வண்ணான் துறைதான். அத்தை வாளியைப் பார்த்து முடிவு செய்ய மாட்டாள். ஈரச் சுண்ணாம்பு காய்ந்த பிறகுதான் வெளுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொல்லைச் சுவரில் ஒரு மட்டை இழுத்து, அது காயும் வரை ஆளை உட்கார வைத்துவிடுவாள். இன்று நாம் காத்திருப்பதில்லை. பல்லாயிரம் ரூபாயைச் சுவரில் பூசிவிட்டு, பிறகு பார்க்கிறோம்.

"ஊரில் எத்தனையோ பேருக்குக் கூரையே இல்லை; தந்தமா சந்தனமா என்று நீ எழுதுகிறாயே?" என்று ஒரு நண்பர் கோபித்தார். தம்முடைய காருக்குப் பிடித்த நிறம் கிடைக்க மூன்று மாதம் காத்திருந்த மகானுபாவர் அவர். அவருக்குச் சொல்கிறேன்: என் மனைவி இருபத்திரண்டு வருஷம் வாடகை வீடுகளில், வீட்டுக்காரர்கள் அடித்த வர்ணத்தில் குடித்தனம் செய்தவள். அவள் தேர்ந்தெடுக்கக் கிடைத்த முதல் சுவர் அது. அதை ஒரு அரை டப்பாவுக்காகப் பிடுங்கிக்கொண்டேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் கேட்பானேன் என்று இருக்கும் வீடுகளில் பெரிய விஷயத்துக்கும் யாரும் கேட்கப்படுவதில்லை. இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நிற்க. இந்த வருஷம் மறுபடியும் வர்ணம் அடிக்க வேண்டி வந்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு வர்ணங்களையும் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினோம். "இரண்டும் ஒன்றுதானே, அப்பா?" என்று பதில் வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படம் பிடிக்கும் கருவி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காக வெளிச்சத்தின் சாயலைத் தானே திருத்திவிடுகிறது. எது முக்கியமோ அதையே துடைத்துவிடுகிறது. அந்தக் கருவிக்காவது காரணம் இருக்கிறது. வாக்கியம் மட்டும் என்னிடமிருந்து போனதுதான்.

இந்தத் தடவை சுவரில் பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, மேற்கு ஜன்னலுக்கு எதிரே இரண்டடிச் சதுரமாக இரண்டையும் இரண்டு கோட்டு அடிக்கச் சொன்னேன். மூன்று நாள் காலையிலும் மாலையிலும் என் மனைவி அவற்றின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாலாம் நாள் மேஸ்திரி ஆட்களோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவளைக் காட்டினேன்.

"இன்றைக்கும் ஒரு நாள் பார்த்துவிடுகிறேனே" என்றாள்.

மேஸ்திரி முனகினார். அந்த ஒரு நாள் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, கூடத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன்.