படம் இருந்தால்தானே பேசுவதற்கு?

'ஆயிரத்தில் ஒருவன்' என்று சொன்னதுமே சினிமா ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். மூத்தவர்களுக்கு அது 1965இல் வந்த பி.ஆர். பந்துலுவின் படம், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாக ஜோடி சேர்ந்தது. நாற்பதைத் தொடாதவர்களுக்கோ அது செல்வராகவன் எடுத்து 2010 பொங்கலுக்கு வந்த படம். கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன். இரண்டும் மறுபடி திரையரங்குக்கு வந்தன. எம்.ஜி.ஆர். படம் 2014இல் டிஜிட்டல் வடிவில் வந்து சென்னையில் வெள்ளி விழாவே கண்டது. செல்வராகவன் படம் 2020இன் கடைசி நாளில், கொரோனாவுக்குப் பிறகு அரங்குகள் மெல்லக் கண்விழித்துக்கொண்டிருந்த நேரத்தில் திரும்ப வந்தபோது, இளைஞர்கள் திருவிழாபோல் கூடினார்கள்.

முதல் படத்துக்குக் கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை, எம்.ஜி.ஆர். படத்துக்குக் கூட்டம் எந்தக் காலத்தில்தான் குறைந்தது? இரண்டாவது படத்தின் கதைதான் கவனிக்க வேண்டியது. 2010இல் இடைவேளை வரை ரசித்தவர்கள்கூட, இரண்டாம் பாதியில் சோழ நாடு தொடங்கியதும் குழம்பினார்கள். பார்த்திபனின் அரசன் பேசிய பழந்தமிழ் பலருக்குப் பிடிபடவில்லை. காணாமல் போன ஒரு குலம், பசியில் வாடும் மக்கள், நவீன ஆயுதங்களோடு வரும் படை, கடைசியில் பெண்கள் மீது நடக்கும் கொடுமை. 'என்ன சொல்ல வருகிறார் இயக்குநர்?' என்று கேட்டபடிதான் பலரும் வெளியே வந்தார்கள்.

பதில் சொன்னவர்கள் ரசிகர்கள். படம் வந்தது, முள்ளிவாய்க்கால் போர் முடிந்து எட்டே மாதங்களில். அந்த இறுதிக் காட்சிகளில் ஈழத்தைக் கண்டவர்கள் அதை எழுதினார்கள், பேசினார்கள், குறுந்தகட்டில் பார்த்த தம்பி தங்கைகளுக்கு விளக்கினார்கள். பாண்டியர் சிலை எதைக் குறிக்கிறது, அந்த நிழல் நடராஜர் காட்சிக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தார்கள். பத்து ஆண்டுகள் நடந்த இந்தப் பேச்சின் பலனாகத்தான் அரங்குகள் மறுபடி நிறைந்தன. விளம்பரம் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஒரு படத்தைப் பற்றிய தீர்ப்பு வர இவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை இன்றைய திரையுலகம் ஏற்பதாக இல்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சியின் இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 2024 இறுதியில் பெரிய படங்கள் சில அடுத்தடுத்து அடிவாங்கியதும், முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் உடனடித் தடை விதிக்க மறுத்தது. அது சரியான முடிவு. காசு கொடுத்துப் படம் பார்த்தவரின் வாயை மூன்று நாள் கட்டிவைக்க எந்தச் சட்டத்துக்கும் உரிமையில்லை. ஆனால், தயாரிப்பாளர்களின் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அவசரத் தீர்ப்பு நல்ல படத்தையும் கொல்லும். அதற்கு மருந்து பேச்சைக் குறைப்பதல்ல, நீட்டிப்பது. மூன்று நாளில் முடிந்துபோகும் பேச்சை முப்பது ஆண்டுகளுக்கு நடத்த வழி செய்வது.

முன்பு அந்த அவகாசம் தானாகவே கிடைத்தது. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978இல் வெளியானபோது முதல் சில வாரங்கள் கூட்டமே இல்லை. சண்டைக்கும் ஸ்டைலுக்கும் பழகிய ரஜினி ரசிகருக்கு, ஒரு கையை இழந்து தங்கையிடம் பாசத்தையும் வீம்பையும் ஒன்றாகக் காட்டும் காளி புதியவன். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். டீக்கடையில், சலூனில், அலுவலகத்துச் சாப்பாட்டு வேளையில் பேச்சு பரவியது. படம் எழுந்து நின்று நூறு நாள் ஓடியது. அரங்கை விட்டுத் தூக்காமல் சில வாரங்கள் பொறுத்ததால் நடந்த காரியம் அது. இன்று திங்கட்கிழமை காலையிலேயே காட்சிகளைக் குறைத்துவிடுகிறார்கள். 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்ற 'அன்பே சிவம்' அடுத்தடுத்த ஆண்டுகளில் தொலைக்காட்சியில்தான் தன் ரசிகர்களைத் தேடிக்கொண்டது. புவனேசுவரத்து மழையில் மாட்டிக்கொண்ட நல்லசிவமும் அன்பரசுவும் பேசிக்கொள்வது இன்று எத்தனையோ பேருக்கு மனப்பாடம். அவர்களில் பெரும்பாலோர் அதை அரங்கில் பார்த்தவர்கள் அல்லர்.

இன்னும் பின்னால் போனால் 'அந்த நாள்'. 1954இல் ஏ.வி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாட்டுக்குக் குறையாத காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினம். படம் தொடங்கியதும் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். கதாநாயகனின் சாவை முதல் காட்சியிலேயே காட்டிவிட்டு, அவன் யார் என்பதைப் பிறர் வாயால் சொல்லவைக்கிறார் பாலசந்தர். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ராஜனைச் சொல்லச் சொல்ல, கொலை ஒவ்வொரு விதமாக மறுபடி நிகழ்கிறது. விசாரிக்கும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும் எழுதியவர். தேசிய விருதுக் குழு நற்சான்றிதழ் கொடுத்தது. மக்கள் கூட்டம் கொடுக்கவில்லை.

இன்றைக்குத் திரைக்கதை கற்கும் தமிழ் இளைஞர் யாரைக் கேட்டாலும் அந்தப் படத்தின் பெயர் வந்துவிடும். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' பற்றிப் பேச்செடுத்தால், 'நம்மூரிலேயே அப்போதே செய்துவிட்டார்கள்' என்று பெருமையோடு சொல்வார்கள். 1954இன் ரசிகர்கள் தர மறுத்ததைப் பேரப்பிள்ளைகள் தந்திருக்கிறார்கள்.

ரசிகரின் பேச்சு மாலை போடுவதற்கு மட்டும் வருவதில்லை. கேள்வி கேட்கவும் வரும். அப்படி வருவதுதான் அதன் ஆரோக்கியம். 'தேவர் மகன்' 1992 தீபாவளிக்கு வந்து பெருவெற்றி பெற்றது, தேசிய விருதும் பெற்றது. திரைக்கதையின் கச்சிதம், சிவாஜியும் கமலும் எதிரெதிரே நிற்கும் காட்சிகள், இளையராஜாவின் இசை என்று அதைப் புகழாதவர் இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 2023 ஜூனில், 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அந்தப் படம் தனக்குள் ஏற்படுத்திய வலியைச் சொன்னார் இயக்குநர் மாரி செல்வராஜ். அந்தப் படத்தில் வடிவேலு நடித்த இசக்கி என்ன ஆனான் என்ற கேள்வியிலிருந்துதான் தன் படத்தின் மாமன்னன் பிறந்தான் என்றார். அந்த மாமன்னனாக நடித்தவரும் வடிவேலு.

அன்று தொடங்கிய விவாதம் தமிழ்நாட்டையே ஒரு மாதம் ஆட்டிவைத்தது. கலையைச் சாதிக்கண்ணால் பார்க்கலாமா என்று ஒரு சாரார். யார் கண்ணால் அதை இதுவரை பார்த்தீர்கள் என்று மறு சாரார். வசைகளும் இருந்தன, வருத்தப்பட வேண்டியவை. ஆனால், அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் 'தேவர் மகன்' மறுபடி ஓடியது. முப்பது ஆண்டுகளாகக் கண்ணில் படாத இசக்கியை முதன்முறையாக உற்றுப் பார்த்தார்கள். ஒரு நல்ல படத்துக்கு ஒரு நல்ல ரசிகர் செய்யக்கூடிய மரியாதை அதுதான். பிடித்த படம் என்பதற்காக அதன் குறையை மூடிவைப்பவர் அந்தப் படத்தை நம்பவில்லை என்றே பொருள்.

இவ்வளவும் நடந்ததற்கு ஒரே ஒரு காரணம் அடிப்படை. அந்தப் படங்கள் பார்க்கக் கிடைத்தன.

கிடைக்காதவற்றின் பட்டியல் நெஞ்சை அடைக்கும். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது, டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம். எம்.கே. தியாகராஜ பாகவதரை நாடறிந்த நட்சத்திரமாக்கிய 'சிந்தாமணி' 1937இல் வந்து ஓராண்டு ஓடியது. அந்த லாபத்தில் மதுரையில் ஒரு திரையரங்கையே கட்டி, படத்தின் பெயரையே வைத்தார்கள். அந்தப் படமும் இல்லை. பாகவதர் மீது நம் தாத்தாக்கள் ஏன் அப்படிப் பைத்தியமாக இருந்தார்கள் என்ற கேள்விக்கு, அந்தப் பைத்தியம் பிறந்த படத்தைப் பார்த்து விடை தேட வழியில்லை.

ஏன் இல்லை? அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கிப்போகும். ஓடி முடிந்த படத்தின் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றால் நாலு காசு வரும் என்பதும் பல படங்களுக்கு எமனானது. 2003 ஜனவரியில் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயிலும் நைட்ரேட் சுருள்கள் கருகின. பிறகு வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால், வெப்பமும் ஈரமும் பட்டால் சிதையத் தொடங்கும். பெட்டியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுருள் சுருங்கி, நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சென்னையின் தட்பவெப்பம் அதற்குப் பரம எதிரி. 50களிலும் 60களிலும் வந்த எத்தனையோ படங்களின் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று தயாரிப்பாளரின் வாரிசுகளுக்கே தெரியாது. கிடைப்பது தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதி. நாலு பாட்டு இருக்காது, ஒலி கரகரக்கும், முகங்கள் வெளிறியிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒளிப்பதிவைப் பற்றி என்னத்தைப் பேசுவது?

முயன்றால் முடியும் என்பதற்குச் சான்று கைவசம் இருக்கிறது. பந்துலுவின் 'கர்ணன்' 1964 பொங்கலன்று எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' படத்தோடு மோதி, எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. பழுதான சுருளைச் சீர்செய்து, ஒலியைப் புதுப்பித்து, 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டார்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தது. சென்னையில் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. கிருஷ்ணனாக என்.டி. ராமராவ் சிரிக்கும் அந்தச் சிரிப்பைப் பளிச்சென்ற திரையில் பார்த்தபோதுதான், தொலைக்காட்சியில் தாங்கள் பார்த்தது பாதிதான் என்று பலருக்குப் புரிந்தது. 2024 ஏப்ரலில் 'கில்லி' திரும்ப வந்தபோது, 2004இல் பிறந்தேயிராத பிள்ளைகள் வில்லன் முத்துப்பாண்டியின் வசனத்தை அரங்கில் ஒரே குரலில் சொன்னார்கள். பழைய படத்துக்குச் சந்தை இருக்கிறது என்பதில் இனியும் ஐயம் வேண்டாம்.

ஆனால், சந்தையை மட்டும் நம்பினால் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ரஜினியும் விஜய்யும் பிழைப்பார்கள். 'அந்த நாள்' போன்றவை பிழைக்குமா என்பது ஐயமே. ஓடாத படத்தைக் காப்பாற்றக் காசு போடும் வணிகர் அரிது. அங்கேதான் அரசின் கடமை தொடங்குகிறது. சினிமாவிலிருந்து முதல்வர்களைப் பெற்ற மாநிலம் இது. 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு தந்தது மாநில அரசு. வரியை விட்டுக்கொடுத்தபோதே, ஒவ்வொரு படத்தின் ஒரு நல்ல பிரதியைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அதற்குப் பின் வந்த படங்களைப் பற்றியாவது கவலையில்லாமல் இருந்திருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மானியமோ விருதோ பெறும் படத்துக்கு அந்த நிபந்தனையை வைக்கலாம். பழைய படங்களுக்கு, குளிரூட்டிய அறைகளுடன் சென்னையில் ஒரு மாநிலக் காப்பகம் வேண்டும். அதற்கான தொழில்திறன் கடல் கடந்து வரவேண்டியதில்லை. வெளிநாட்டுப் பழம்படங்களைச் சட்டகம் சட்டகமாகத் துடைத்துக் கொடுக்கும் வேலையைச் சென்னையின் பிரசாத் நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

ரசிகர்களுக்கும் வேலை இருக்கிறது. வாழ்நாள் முழுதும் படத் தகவல்களைச் சேர்த்த 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் தொடங்கியது ஓர் ஆர்வலராகத்தான். அவர் சேகரிப்பு இல்லாவிட்டால் தமிழ் சினிமா வரலாற்றில் பாதி ஆண்டுகள் வெறுமையாக இருந்திருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவை இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் ஆய்வாளர்களுக்குச் சோறு போடுகின்றன. பரண்மேல் கிடக்கும் பாட்டுப் புத்தகம், பழைய வார இதழ், மூடிய டூரிங் டாக்கீஸ் உரிமையாளர் வீட்டில் துருப்பிடித்த பெட்டியில் கிடக்கும் சுருள், எதையும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தையோ புனே காப்பகத்தையோ கேட்டுவிடுவது நல்லது. எந்தப் படம் சிறந்தது என்று விடியவிடிய வாதாடும் ரசிகர் மன்றங்கள், தங்கள் நாயகரின் முதல் பத்துப் படங்களின் நெகட்டிவ் யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை இந்த ஆண்டே எடுக்கலாம். பிறந்தநாள் கட்-அவுட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே அந்தப் பட்டியலில் உள்ள ஒரு படத்தையாவது டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட முடியும்.